பட்டிக்குள் போன குதிரை

ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "குடும்பத்தோடு சால்ட் ஆற்றுக்குப் போயிருந்தோம். தண்ணீருக்குள் காட்டுக்குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. குழந்தைகளுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து தேடினால், ஹெலிகாப்டரில் துரத்திக் குதிரைகளைப் பிடிக்கும் வீடியோக்கள்தான் வருகின்றன. இவற்றைக் காக்க 1971இலேயே சட்டம் போட்டாயிற்று என்கிறார்கள். அப்புறம் ஏன் பிடிக்கிறார்கள்? பிடித்தவை இறைச்சிக்குப் போகின்றனவா? எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?"

நான் நெவாடாவில் ரீனோ பக்கம் பல வருடமாக இருக்கிறேன். காட்டுக்குதிரைகளுக்குக் கருத்தடை ஊசி போடும் ஒரு தன்னார்வக் குழுவோடு சனிக்கிழமைகளில் மலைக்குப் போய்க் குறிப்பெடுத்துக் கொடுப்பது என் வழக்கம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

இறைச்சிக்குப் போகின்றனவா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் எல்லோரையும் உறுத்துவது. ஆமாம், போயிருக்கின்றன. சட்டம் இருக்கும்போதே போயிருக்கின்றன. மேய்ச்சல் வெளியில் நிற்கும் குதிரையை யாரும் வெட்டிவிட முடியாது; அது குற்றம். ஆனால் அதைப் பிடித்து, பட்டியில் அடைத்து, தத்துக் கொடுத்தோ விற்றோ, உரிமைப் பத்திரம் இன்னொருவர் பெயருக்கு மாறிவிட்டால், அந்த நிமிடமே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அது காட்டுக்குதிரை இல்லை. யாருடைய தொழுவத்திலோ நிற்கும் ஒரு சாதாரணக் குதிரை, அவ்வளவுதான். ஐம்பது வருடத்து வரலாற்றில் குதிரைகள் அடிமாட்டு வியாபாரி கைக்குப் பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான் போயின. அதனால்தான் வெளியே நிற்கும் குதிரையை வெளியிலேயே இருக்க விடுவதுதான் முதல் பாதுகாப்பு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் புரியும். 1950இல் ரீனோவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர் வெல்மா ஜான்ஸ்டன். சின்ன வயதில் போலியோ வந்து, மாவுக்கட்டுக்குள் கிடந்து எழுந்தவர். ஒரு நாள் காலை வேலைக்குக் காரில் போகும்போது, முன்னால் போன கால்நடை லாரியிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னாலேயே போய்ப் பார்த்தார். உள்ளே, விமானத்தால் விரட்டிப் பிடித்த காட்டுக்குதிரைகள். அடித்துச் செல்லப்பிராணித் தீனியாக்கப் போய்க்கொண்டிருந்தவை. நெரிசலில் ஒரு குட்டி மற்றவற்றின் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது.

அந்த அம்மா அலுவலகத்துக்குப் போய்விட்டு மறந்துவிடவில்லை. 1952இல் தம் ஸ்டோரி கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விமானத்தால் விரட்டுவதற்குத் தடை வாங்கினார். 1955இல் நெவாடா மாநிலச் சட்டம். 1959இல், அரசாங்கத்தின் கையில் இருக்கும் பொதுநிலத்தில் விமானமோ மோட்டார் வண்டியோ வைத்து விரட்டக்கூடாது, குடிக்கும் நீரில் விஷம் கலக்கக்கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே வந்தது. 'வைல்ட் ஹார்ஸ் ஆனி' என்று எதிராளிகள் கேலியாக வைத்த பெயரையே அவர் தம் பெயராக்கிக்கொண்டார். நாடெங்கும் பள்ளிக் குழந்தைகள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குக் கடிதம் எழுதினார்கள், மூட்டை மூட்டையாக. கடைசியில் 1971இல் இரு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் காட்டுக்குதிரை, காட்டுக்கழுதைச் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார்.

நியூ மெக்சிகோ மாநிலம் இதை ஏற்க மறுத்தது. பொதுநிலத்திலிருந்து 19 கழுதைகளைப் பிடித்து ஏலம் விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுநிலத்தில் வாழும் விலங்கைக் காக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1976இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டத்தைக் கெட்டியாக்கியது 19 கழுதைகள் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கும். எல்லோரும் குதிரையைத்தான் பேசுவார்கள்.

சரி, இவ்வளவு பலமான சட்டம் எப்படித் தளர்ந்தது? அதே 1976இல் இன்னொரு நிலச் சட்டம் வந்து, பிடிப்பதற்கு ஹெலிகாப்டரைப் பயன்படுத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1978இல் 'உபரி விலங்கு' என்றால் என்ன என்று வரையறுத்து, அவற்றை அகற்றவும் தத்து எடுத்தவருக்கு உரிமைப் பத்திரம் கொடுக்கவும் வழி செய்தார்கள். வெல்மா அதைப் பார்க்கவில்லை, 1977இலேயே இறந்துவிட்டார்.

1980களில் பட்டிகள் நிரம்பி வழிந்தபோது, மொத்தமாக எடுப்பவர்களுக்குத் தத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து கொடுத்தார்கள். ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுப் பத்திரம் கைக்கு வந்ததும் பலர் நேரே வெட்டுக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான குதிரைகள் அப்படிப் போயின. எடுப்பவருக்கு அந்த எண்ணம் இருப்பது தெரிந்தே பத்திரம் கொடுக்கக்கூடாது என்று 1988இல் நீதிமன்றம் சொன்ன பிறகு அது நின்றது.

2004இல் இன்னும் மோசமானது நடந்தது. மொன்டானாவைச் சேர்ந்த செனட்டர் கான்ராட் பர்ன்ஸ், ஆயிரக்கணக்கான பக்கம் கொண்ட ஒரு செலவு மசோதாவுக்குள் சில வரிகளை நுழைத்தார். விசாரணை கிடையாது, விவாதம் கிடையாது. பத்து வயதைத் தாண்டிய குதிரையையோ, மூன்று முறை தத்துக்கு வைத்தும் யாரும் எடுக்காத குதிரையையோ 'வரம்பின்றி' விற்கலாம் என்பது அந்த வரிகளின் பொருள். மறு வருடமே 41 குதிரைகள் வெட்டப்பட்டன. கூச்சல் எழுந்த பிறகு, நல்ல உடல்நிலையில் இருக்கும் விலங்கைக் கொல்லவோ இறைச்சிக்கு விற்கவோ அரசுப் பணத்தைச் செலவிடக்கூடாது என்று ஒரு நிபந்தனையை ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டில் சேர்க்க ஆரம்பித்தார்கள். கவனியுங்கள், பர்ன்ஸ் திருத்தம் சட்டப் புத்தகத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்தியிருப்பது ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய ஒரு பட்ஜெட் வாக்கியம். ஒரு வருடம் அது விட்டுப்போனால் போதும்.

அந்த வாக்கியம் இருக்கும்போதும் கசிவு நிற்கவில்லை. 2008 முதல் 2012 வரை கொலராடோவில் ஒரே ஆள் 1,794 குதிரைகளை வாங்கினார், ஒன்று பத்து டாலர் என்ற கணக்கில். இறைச்சிக்கு அனுப்பமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே வாங்கினார். அவை மெக்சிகோவுக்குப் போய் வெட்டப்பட்டதை பொதுநிலங்களைக் கவனிக்கும் உள்துறை அமைச்சகத்தின் தணிக்கைத் தலைமை அதிகாரியே 2015இல் அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக வழக்குப் போட அரசு வழக்கறிஞர்கள் மறுத்துவிட்டார்கள்.

அடுத்து 2019. பழக்கப்படுத்தாத குதிரையைத் தத்து எடுத்தால் ஆயிரம் டாலர் ஊக்கத்தொகை என்று, பொதுநிலத்தையும் இந்தக் குதிரைகளையும் நிர்வகிக்கும் கூட்டாட்சி அமைப்பான நில மேலாண்மைப் பணியகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒருவர் நான்கு குதிரை எடுக்கலாம். வீட்டில் நான்கு பேர் இருந்தால் பதினாறு. ஒரு வருடம் எங்கோ ஒரு வேலிக்குள் விட்டுவிட்டு, பத்திரம் வந்ததும் ஊக்கத்தொகையையும் வாங்கிக்கொண்டு, குதிரையை ஏலத்துக்கு ஓட்டிவிட்டால் அதிலும் காசு. குடும்பம் குடும்பமாக இதைச் செய்தார்கள் என்பதை 2021 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் கொலராடோவில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் திட்டத்தையே ரத்து செய்தார். அதுவரை கைமாறிய குதிரைகளுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

அமெரிக்காவுக்குள் 2007க்குப் பிறகு குதிரை இறைச்சிக்கூடம் எதுவும் இயங்கவில்லை. டெக்சாஸில் இரண்டு, இல்லினாய்ஸில் ஒன்று, கடைசியாக இருந்த மூன்றும் அந்த ஆண்டு மூடப்பட்டன. ஆனாலும் எல்லை திறந்துதான் இருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரியில் போயின. இப்போது அது இருபதாயிரம் அளவுக்குக் குறைந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக் குதிரைகள், பந்தயக் குதிரைகள். நடுவே சிலவற்றின் கழுத்தில் அரசாங்க முத்திரை தெரியும்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதற்கு நேர்மாறாக, திரவ நைட்ரஜனில் குளிரவைத்த உலோகத்தைக் கழுத்தின் இடது பக்கம் வைத்து அழுத்துகிறார்கள். அந்த இடத்தில் மயிருக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போய், பிறகு வெள்ளை மயிராக முளைக்கும். எண்களாக எழுதாமல் கோணங்களாலும் கோடுகளாலும் ஆன ஒரு குறிமுறை அது. பிறந்த வருடமும் பதிவு எண்ணும் அதில் இருக்கும். பிடரிக்குக் கீழே, படிக்கத் தெரியாதவருக்கு ஏதோ கோலம் போட்டது போல இருக்கும். ஒரு தடவை ஏலக் கொட்டகை ஒன்றில் செம்பழுப்பு நிறப் பெட்டை ஒன்று நின்றிருந்தது. நான் நோட்டைத் திறந்து கழுத்தில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஏழு வயது. பக்கத்தில் இருந்த தோழி, "அது வெளியே பிறந்தது, காதைப் பாரு" என்றார். மற்ற குதிரைகளெல்லாம் தீனி வாளி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இது மட்டும் இரண்டு காதையும் கதவுக்கு வெளியே வைத்திருந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கையில் இருந்ததைப் போட்டு அதை எடுத்தோம். இப்போது தோழியின் நிலத்தில் இருக்கிறது. அதே நாள் அங்கே நின்ற மற்றவை எங்கே போயின என்பதை நினைக்காத வாரம் இல்லை.

இனி, ஏன் பிடிக்கிறார்கள் என்ற கேள்வி. பணியகத்தின் கணக்குப்படி 2024 மார்ச்சில் பத்து மேற்கு மாநிலங்களில் சுமார் 73,500 குதிரைகளும் கழுதைகளும் வெளியில் இருந்தன. நிலம் தாங்கும் என்று அவர்கள் வைத்திருக்கும் எண்ணிக்கை சுமார் 25,500. மிச்சமெல்லாம் உபரி. கூட்டம் ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் பெருகும். இது பொய்யில்லை. வறட்சி ஆண்டில் நெவாடாவில் வற்றிப்போன ஊற்றைச் சுற்றி விலா தெரிய நிற்கும் குதிரைகளை நானே பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் அந்த 25,500 எங்கிருந்து வந்தது? 1971இல் குதிரைகள் இருந்ததாகக் குறிக்கப்பட்ட நிலம் ஐந்து கோடி ஏக்கருக்கு மேல். இன்று அவற்றுக்கென்று நிர்வகிக்கப்படுவது ஏறத்தாழ அதில் பாதி. அந்தப் பாதியிலும் பெரும்பாலான இடங்களில் மாடும் ஆடும் மேய்கின்றன. பணியகத்தின் நிலத்தில் கால்நடை மேய்ச்சலுக்குத் திறந்திருப்பது 15 கோடியே 50 லட்சம் ஏக்கர். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய, பண்ணையார் கொடுக்க வேண்டிய கட்டணம் 2019 முதல் 2025 வரை 1 டாலர் 35 சென்ட். ஒரு காபிக்குப் பத்தாத காசு. தனியார் நிலத்தில் இதைப்போல் பல மடங்கு கேட்பார்கள். குதிரைக்கான இலக்கு எண்ணிக்கை அறிவியல் முறைப்படி, வெளிப்படையாக வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று 2013இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு சொன்னது. அதே குழு இன்னொன்றும் சொன்னது: திரும்பத் திரும்பப் பிடித்து அகற்றுவதால், மிச்சம் இருப்பவற்றுக்குப் புல்லும் நீரும் தாராளமாகக் கிடைத்து, கூட்டம் இன்னும் வேகமாகப் பெருகுகிறது. பிடிப்பதே அடுத்த பிடிப்புக்கு விதை போடுகிறது என்றுதான் இதற்குப் பொருள்.

பிடிப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் மறக்காது. பள்ளத்தாக்கின் வாயில் சணல் துணி கட்டிய இரண்டு நீண்ட வேலிகள், புனல் போலக் குறுகிக்கொண்டே போய் ஒரு பட்டியில் முடியும். மலைக்கு அப்பாலிருந்து முதலில் சத்தம்தான் வரும். அப்புறம் புழுதி. புழுதிக்கு முன்னால் ஒரு குடும்பம்: முன்னே வயதான பெட்டை, நடுவில் குட்டிகள், கடைசியில் பொலிகுதிரை. பொலிகுதிரை அடிக்கடி திரும்பி ஹெலிகாப்டரைப் பார்க்கும், அதை எதிர்த்து நிற்கலாமா என்று. வேலியின் வாய்க்கு வந்ததும், அங்கே மறைந்து நிற்கும் ஒருவர் பழக்கிய குதிரை ஒன்றை அவிழ்த்து விடுவார். அது பட்டியை நோக்கி ஓடும். தலைவி கிடைத்துவிட்டாள் என்று நம்பி மற்றவை பின்னால் ஓடும். அதற்கு இங்கே 'யூதாஸ் குதிரை' என்று பெயர். கதவு சாத்தியதும் ஆண், பெண், குட்டி என்று பிரித்து வெவ்வேறு லாரியில் ஏற்றுவார்கள். நான் பார்த்த அன்று மாலை வரை ஒரு பொலிகுதிரை கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த தன் குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குட்டி பதில் கொடுத்துக்கொண்டே இருந்தது. லாரி கிளம்பிய பிறகும் அது நிறுத்தவில்லை.

2009, 2010 குளிர்காலத்தில் நெவாடாவின் கேலிகோ மலைப் பகுதியில் சுமார் 1,900 குதிரைகளைப் பிடித்தார்கள். பாறை நிலத்தில் நெடுந்தூரம் ஓட்டியதில் ஒரு குட்டியின் குளம்புகள் கழன்றே போய்விட்டன; அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருந்தது. பிடிப்பின்போதும் பிறகு பட்டியிலும் நூற்றுக்கு மேல் இறந்தன. பட்டி என்பதும் பத்திரமான இடமில்லை. 2022 ஏப்ரலில் கொலராடோவின் கேனன் சிட்டி பட்டியில் குதிரைக் காய்ச்சல் பரவி 145 குதிரைகள் செத்தன. மலையில் ஒன்றுக்கொன்று தள்ளியே திரிந்தவற்றை நெருக்கி அடைத்தால் நோய் எப்படிப் பரவாமல் இருக்கும்?

இன்று அப்படி அடைபட்டிருப்பவை அறுபதாயிரத்துக்கு மேல். 2023 நிதியாண்டில் பணியகத்தின் காட்டுக்குதிரைத் திட்டத்தின் மொத்தச் செலவு 15 கோடியே 80 லட்சம் டாலர் என்றால், அதில் 10 கோடியே 80 லட்சம் இவற்றுக்குத் தீனி போடவே போயிற்று. கருத்தடைக்கு ஒதுக்குவது சொற்பம். இந்தச் செலவைக் காட்டித்தான் சிலர் 'கொன்றுவிடலாமே' என்ற பேச்சை மெல்ல எடுக்கிறார்கள். பட்டியில் சேரும் ஒவ்வொரு குதிரையும் அந்த வாதத்துக்கு எடை கூட்டுகிறது. எனக்குப் பயமே அதுதான்.

மாற்று வழி உண்டு, புதிதும் இல்லை. பன்றியின் கருமுட்டை உறையிலிருந்து எடுத்த புரதத்தைப் பெட்டைக் குதிரைக்கு ஊசியாகப் போட்டால், அதன் உடம்பு அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். எதிர்ப்பொருள் அதன் சொந்தக் கருமுட்டையையும் சூழ்ந்துகொள்ளும், விந்தணு ஒட்ட முடியாது. சுருக்கமாக பி.இசட்.பி. என்பார்கள். ஹார்மோன் கிடையாது, குடும்பம் கலையாது. நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி குட்டி போடும். ஜே கிர்க்பேட்ரிக் என்ற அறிவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1980களின் கடைசியில் மேரிலாந்துக் கடலோரத்தில் அசட்டீக் தீவுக் குதிரைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஹெலிகாப்டர் இல்லாமலே அந்தக் கூட்டம் கட்டுக்குள் வந்தது. குட்டி போட்டுத் தேயாததால் பெட்டைகள் முன்னைவிட நீண்ட காலம் வாழ்ந்தன. மொன்டானாவின் பிரையர் மலை, கொலராடோவின் ஸ்பிரிங் கிரீக் பேசின் என்று பணியகமே இதைச் செய்யும் இடங்கள் இருக்கின்றன.

எங்கள் வேலை இப்படித்தான். அம்புத் துப்பாக்கி வைத்திருப்பவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம்: முகத்தில் வெள்ளைக் கோடு எங்கே வளைகிறது, எந்தக் காலில் வெள்ளை சாக்ஸ், பிடரி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் குடும்பம், கடைசி ஊசி எப்போது. முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்தால்தான் அம்பு சரியாகப் போகும். தொடையில் பட்டதும் அது துள்ளிப் பத்தடி ஓடும், திரும்பிப் பார்க்கும், பிறகு மேயப் போய்விடும். அம்பு தானாகக் கீழே விழும். அதைத் தேடி எடுக்காமல் நாங்கள் திரும்ப மாட்டோம். ஒரு நாளைக்கு நாலைந்து முடிந்தால் நல்ல நாள். ஆண்டுக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். ஒரு மைல் தூரத்தில் மனிதனைக் கண்டாலே ஓடிவிடும் கூட்டங்களிடம் இது எளிதாக நடக்காது. அங்கே தண்ணீரோ உப்புக்கட்டியோ வைத்து, தானாக உள்ளே வரவைத்து, ஊசி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நேரம் ஆகும், பொறுமை வேண்டும். ஆனாலும் ஒரு குதிரைக்கு ஆயுள் முழுக்கப் பட்டியில் தீனி போடுவதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். வெல்மா ஜான்ஸ்டன் தம் முதல் தடையை வாங்கிய ஸ்டோரி கவுண்டி அடங்கிய வர்ஜினியா மலைத்தொடரின் குதிரைகள் 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வராதவை. மாநில வேளாண் துறையின் கையில் இருக்கின்றன. நீங்கள் பார்த்த சால்ட் ஆற்றுக் குதிரைகளும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான். 2015 கோடையில் வனத்துறை அவற்றைப் பிடித்து அகற்றப்போவதாக அறிவிப்பு ஒட்டியது. ஃபீனிக்ஸ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். முதலில் பிடிப்பு தள்ளிப்போனது, பிறகு அறிவிப்பே வாபஸ். 2016இல் அரிசோனா சட்டமன்றம் அந்தக் கூட்டத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டது. இப்போது உள்ளூர்த் தன்னார்வக் குழு ஒன்று அவற்றுக்குக் கருத்தடை ஊசி போட்டு, பிறப்பைக் குறைத்து வைத்திருக்கிறது. உங்கள் குழந்தைகள் பார்த்தது சும்மா கிடைத்த காட்சி இல்லை. அவை தலையைத் தண்ணீருக்குள் விட்டு அடியில் இருக்கும் பாசிப்புல்லைப் பிடுங்கித் தின்னுமே, அதைப் பார்த்தீர்களா?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கழுதைகளும் உண்டு, பிளெசன்ட் ஏரியைச் சுற்றி. சுரங்கக்காரர்கள் மூட்டை சுமக்கக் கொண்டுவந்து, ரயிலும் லாரியும் வந்ததும் அவிழ்த்து விட்டுப்போனவற்றின் வாரிசுகள். கழுதைக்கு எப்போதுமே குதிரையைவிடக் குறைவான அனுதாபம். கிராண்ட் கேன்யனில் பல பத்தாண்டு காலம் பூங்கா ஊழியர்களே அவற்றைச் சுட்டார்கள். மிச்சம் இருந்தவற்றையும் சுடப்போவதாகச் சொன்னபோது, கிளீவ்லாந்து ஏமரி என்பவரின் விலங்கு நல அமைப்பு 1979 முதல் இரண்டு வருடத்தில் 577 கழுதைகளை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே கொண்டுவந்தது, ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி. குதிரையை விரட்டும் அதே இயந்திரம் அன்று கழுதையைக் காப்பாற்றியது.

கழுதை பாலைவனத்தைக் கெடுக்கிறது என்பவர்களிடம் நான் காட்டும் ஆராய்ச்சி ஒன்று 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சொனோரன் பாலையில் வற்றிய ஓடைப் படுகையில் கழுதைகளும் குதிரைகளும் முன்னங்காலால் மணலைத் தோண்டுகின்றன, சில இடங்களில் ஆறடி ஆழம் வரை. நம் ஊரில் ஆற்றில் ஊற்றுத் தோண்டுவோமே, அதே போல. ஊறிய தண்ணீரை அவை குடித்துப் போனபின் மான், பறவை, நரி என்று ஐம்பதுக்கு மேற்பட்ட வகை உயிர்கள் அங்கே வந்து குடித்தன. கைவிட்ட குழிகளில் ஆற்றோர மரங்களின் கன்றுகள் முளைத்தன. எல்லா இடத்திலும் கழுதை நன்மைதான் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஊற்றுக்கண்ணை மிதித்துச் சேறாக்குவதும் உண்டு. ஆனால் பேச்சின் ஒரு பக்கம்தான் இதுவரை கேட்டிருக்கிறது. கழுதைத் தோலைக் காய்ச்சிச் செய்யும் சீன மருந்துக்காக உலகமெங்கும் கழுதைகள் கொல்லப்படுவதால், ஆப்பிரிக்க ஒன்றியமே 2024 பிப்ரவரியில் தோலுக்காகக் கழுதையை வெட்டுவதற்குத் தடை விதித்தது. அந்தச் சந்தை இருக்கும்வரை, பத்திரம் கைமாறிய கழுதைக்கும் கவலைதான்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம். உங்கள் பகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். வாக்குரிமை இன்னும் வராவிட்டாலும் அந்தத் தொகுதியில் வசிப்பவர் என்றால் குறித்துக்கொள்வார்கள். இரண்டு விஷயம் சொன்னால் போதும்: ஆண்டு பட்ஜெட்டில் இறைச்சிக்கு விற்கத் தடை செய்யும் வாக்கியம் விடுபடக்கூடாது, குதிரைகளை வெட்டுவதற்கு எல்லை தாண்டிக் கொண்டுபோவதைத் தடுக்கும் 'சேஃப்' மசோதாவை ஆதரிக்க வேண்டும். அந்த மசோதா ஒவ்வொரு காங்கிரசிலும் வந்து வந்து நிற்கிறது. ஹெலிகாப்டர் பிடிப்பை நிறுத்தச் சொல்லும் மசோதாவை நெவாடாவின் டைனா டைட்டஸ் கொண்டுவந்திருக்கிறார், அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒரு பகுதியில் பிடிப்பு நடத்தும் முன் பணியகம் சுற்றுச்சூழல் மதிப்பீட்டை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும். "குதிரை பாவம்" என்று எழுதினால் ஒரே மாதிரிக் கடிதங்களோடு கட்டி வைத்துவிடுவார்கள். "இந்தப் பகுதியில் இத்தனை மாடுகளுக்கு அனுமதி இருக்கிறதே, அதைக் குறைப்பதை ஏன் பரிசீலிக்கவில்லை? கருத்தடையை ஏன் முதலில் முயலவில்லை?" என்று அந்த ஆவணத்திலிருந்தே எடுத்துக் கேட்டால் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் அந்தக் கேள்வி நீதிமன்றத்தில் நிற்கும். பிடிப்பைப் போய்ப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பார்வையாளரைக் காரணமில்லாமல் தூரத்தில் நிறுத்துவதை எதிர்த்து ஒரு பத்திரிகையாளர் போட்ட வழக்கில் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, பார்வையாளரைக் கட்டுப்படுத்த என்ன காரணம் என்று ஒழுங்காக ஆராயச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. கேமரா இருக்கும் இடத்தில் ஓட்டுபவர் கொஞ்சம் மெதுவாக ஓட்டுகிறார். நான் கண்ணால் கண்டது இது.

தத்து எடுக்கலாமா என்றால், நிலம் இருந்தால் மட்டும். பழகாத பெரிய குதிரைக்கு 400 சதுர அடி பட்டியும் ஆறடி வேலியும் குறைந்தபட்சத் தேவை, கழுதைக்கு நாலரை அடி வேலி. கழுதையை ஒற்றையாக எடுக்காதீர்கள், துணை இல்லாமல் ஏங்கிவிடும். எடுத்தால் கடைசி வரை வைத்திருக்க வேண்டும், முடியாமல் போனால் ஏலத்துக்கு மட்டும் அனுப்பக்கூடாது. இன்னொன்று: "இன்று மாலைக்குள் இவ்வளவு கட்டாவிட்டால் இந்தக் குதிரை வெட்டுக்குப் போய்விடும்" என்று படத்தோடு பணம் கேட்பவர்களுக்கு அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். பல இடங்களில் அந்தப் பணத்திலேயே அடுத்த லாரிக்குக் குதிரை வாங்குகிறார்கள். அதே காசை அம்பும் ஊசியும் வாங்கும் குழுவுக்குக் கொடுங்கள்.

அடுத்த தடவை சால்ட் ஆற்றுக்குப் போகும்போது ஐம்பது அடியாவது தள்ளி நில்லுங்கள். கேரட்டோ ஆப்பிளோ கொண்டுபோக வேண்டாம், குழந்தைகள் கேட்டாலும். மனிதன் கையிலிருந்து தின்னப் பழகிய குதிரை சாலையோரம் வந்து நிற்கும், அப்புறம் அதைப் பிடிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். காலையில் சீக்கிரம் போனால் நல்லது. புதிதாகப் பிறந்த குட்டி இருந்தால் தாய் அதை ஆற்றின் ஓரமாகவே நடத்திக்கொண்டு வரும்.